நடக்காத ஆட்டங்களின் வரலாறு

1

அமெரிக்காவில் ஒரு பழக்கம் இருக்கிறது. இல்லாத அணிகள், பிறக்காத ஆட்டக்காரர்கள், கட்டப்படாத மைதானங்கள். இவற்றை வைத்துக்கொண்டு ஒரு ஆள் தனியாக உட்கார்ந்து ஒரு பேஸ்பால் லீக்கையே நடத்துவார். தாயக்கட்டையை உருட்டுவார், இல்லாவிட்டால் கணினியை ஓடவிடுவார். விழுகிற எண்ணுக்கு ஏற்பப் பந்து பறக்கும், பிடிபடும், ஆள் அவுட்டாவார். அத்தனையும் நோட்டில் ஏறும். ஒரு பருவம் முடிந்ததும் யார் முதலிடம், யாருக்குக் கை ஓய்ந்துவிட்டது, யார் விலகினார், எந்தப் புதுப் பையன் வந்தான் என்று எழுதுவார். பிறகு அடுத்த பருவம். இப்படி இருபது, முப்பது பருவங்கள். இவ்வளவுக்கும் வெளியே ஒரு புல்கூட மிதிபட்டிருக்காது.

கட்டிங் ஆர்டருக்காகக் கரும்பு விவசாயி காத்துக்கிடக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைப் பற்றியா எழுதுவது என்று தோழர்கள் கேட்கலாம். கேள்வி நியாயம்தான். ஆனால் தற்செயல், எண், கதையாடல், அதிகாரம் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று எப்படிப் பிணைந்து 'வரலாறு' என்ற பண்டத்தைத் தயாரிக்கின்றன என்பதை இவ்வளவு சின்ன இடத்தில், இவ்வளவு அம்மணமாகப் பார்க்க வேறு வாய்ப்பு கிடைப்பது அரிது. நிஜ வரலாற்றில் இந்த நான்கையும் பிரித்தெடுக்கவே முடியாது. இங்கே முடியும். தவிர, இந்தப் பழக்கம் அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தமில்லை. நெல்லிக்குப்பத்திலும் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

2

முதலில் பொறியமைப்பைப் பார்த்துவிடுவோம்.

பேஸ்பால் இதற்குத் தோதான ஆட்டம். ஒவ்வொரு பந்தும் தனி நிகழ்வு. ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு விடை. கால்பந்து மாதிரி தொடர்ந்து ஓடுகிற ஆட்டத்தை இப்படி எண்ணாக நறுக்க முடியாது. பேஸ்பாலையும் கிரிக்கெட்டையும் நறுக்கலாம். 1951இல் அப்பா (ஏ.பி.பி.ஏ.) என்ற ஆட்டமும், 1961இல் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கும் விற்பனைக்கு வந்தன. ஒவ்வொரு நிஜ ஆட்டக்காரருக்கும் ஒரு அட்டை. அவர் போன வருடம் எப்படி ஆடினாரோ அந்த விகிதத்தில் அட்டையில் பலன்கள் அச்சாகியிருக்கும். கட்டையை உருட்டி, அட்டையைப் பார்த்து, பலனை எழுத வேண்டியதுதான். 1999இல் ஜெர்மானியரான மார்க்கஸ் ஹைன்சோன் உருவாக்கிய 'அவுட் ஆஃப் த பார்க்' என்ற கணினி விளையாட்டு, இல்லாத ஆட்டக்காரர்களைத் தானே பிறப்பித்து, வயதேற்றி, ஓய்வு கொடுத்து அனுப்பிவிடும்.

இந்த வியாபாரச் சரக்குக்கெல்லாம் முன்பே சிறுவனாக இருந்த ஜாக் கெரூவாக் தனக்கென்று ஒரு லீக்கை வைத்திருந்தார். ஆமாம், பீட் தலைமுறை எழுத்தாளர் கெரூவாக்தான். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லோவெல் என்ற ஆலைத் தொழிலாளர் நகரத்துப் பையன். அணிகளுக்கு பிளைமவுத், செவி, கேடிலாக் என்று கார்களின் பெயர். ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் கற்பனை. ஆட்ட முடிவுகளை மட்டும் அவர் எழுதவில்லை. லீக்குக்கென்று செய்தித்தாள் எழுதினார், சம்பளத் தகராறு எழுதினார், முதலாளிகளின் வரவு செலவு எழுதினார். பெரிய எழுத்தாளரான பிறகும் இதை விடவில்லை. அந்தக் காகிதங்கள் இன்று நியூயார்க் பொது நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. 2009இல் அவற்றைப் பற்றித் தனி நூலே வந்தது.

இதை நாவலாக்கியவர் ராபர்ட் கூவர். 1968இல் வந்த அவருடைய நாவலில் ஹென்றி வா என்ற கணக்கர் மூன்று தாயக்கட்டைகளை வைத்துக்கொண்டு ஒரு லீக்கை நடத்துகிறார். லீக்குக்கு 56 பருவங்களாகின்றன. அவருக்கு மகன் போலாகிவிட்ட இளம் பந்துவீச்சாளன் ஒருவன், கட்டைகள் மூன்றும் ஒன்று ஒன்று ஒன்றாக விழுந்ததால் பந்து தலையில் பட்டுச் செத்துப்போகிறான். ஹென்றி உடைந்துபோகிறார். பிறகு ஒரு ஆட்டத்தில், கட்டைகளைத் தன் கையாலேயே ஆறு ஆறு ஆறு என்று திருப்பி வைக்கிறார். பந்தெறிந்து கொன்றவனும் சாகிறான். அந்த ஒரு கணத்தில் தற்செயல் முடிந்து, கடவுள் தொடங்கிவிடுகிறார்.

விளையாட்டைப் பற்றிய கோட்பாடுகளில் இதற்கு இடமே இல்லை என்பது கவனிக்கத்தக்கது. 1958இல் ரோஜே கய்வா விளையாட்டுகளை நான்காகப் பிரித்தார்: போட்டி, தற்செயல், பாவனை, கிறக்கம். அதோடு விளையாட்டுக்கு ஒன்று விதி இருக்கும், அல்லது பாவனை இருக்கும். இரண்டும் சேராது என்கிற மாதிரியும் சொன்னார். சதுரங்கத்துக்கு விதி. அப்பா அம்மா விளையாட்டுக்குப் பாவனை. ஆனால் கற்பனை லீக் முழுக்க விதி, முழுக்கப் பாவனை. கட்டை சொன்னதை மீறக்கூடாது என்பது விதி. கட்டை சொன்னது ஒரு மனிதனுக்கு நடந்தது என்று நம்புவது பாவனை. இரண்டையும் ஒட்டவைக்கிற பசை ஒன்று உண்டு. அது எழுத்து. நோட்டு இல்லாவிட்டால் வெறும் கட்டை உருட்டல்தான்.

3

இனி நம்ம ஊர்.

புக் கிரிக்கெட் தெரியாதவர்கள் இதைப் படிக்கிறவர்களில் குறைவாகவே இருப்பார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புத்தகத்தைக் கண்ணை மூடித் திறக்க வேண்டும். இடப்பக்க எண்ணின் கடைசி இலக்கம்தான் பந்தின் பலன். இடப்பக்கம் எப்போதும் இரட்டை எண் என்பதால் 0, 2, 4, 6, 8 ஐந்துதான் வரும். 0 வந்தால் அவுட். 2, 4, 6 வந்தால் அத்தனை ரன். 8க்கு ஊருக்கு ஊர் விதி மாறும். எங்கள் பக்கம் ஒரு ரன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்துக்கு ஒன்று அவுட். ஆக ஒரு விக்கெட்டுக்குச் சராசரி 5 பந்து, 13 ரன். பத்து விக்கெட்டும் போனால் ஏறத்தாழ 50 பந்து, 130 ரன். ஐந்தில் ஒரு ஆள் முதல் பந்திலேயே முட்டை. சதம் என்பது சுமார் எண்ணூறு இன்னிங்ஸுக்கு ஒன்று. அதாவது நாற்பது ஆட்டத்துக்கு ஒருமுறை விழுந்தால் உண்டு.

இதில் ஒரு விஷயம் முக்கியம். ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கில் ஆளுக்கொரு அட்டை. திறமை அட்டையிலேயே அச்சாகி வருகிறது. புக் கிரிக்கெட்டில் அட்டை கிடையாது. டெண்டுல்கருக்கும் பதினோராவது ஆளுக்கும் ஒரே புத்தகம், ஒரே 13. பரம்பரைத் திறமை, பிறவி மேன்மை, 'இவன் ரத்தத்திலேயே கிரிக்கெட்' போன்ற பேச்சுகளுக்கு அங்கே வேலையே இல்லை. நான் பார்த்த மைதானங்களிலேயே முழுச் சமத்துவம் உள்ள மைதானம் அதுதான். தீண்டாமை குற்றம் என்று முகப்பில் அச்சடித்த தமிழ்நாட்டுப் பாடநூலின் உள்ளே அந்த மைதானம் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம். முகப்பு சொன்னதை உள்பக்கம் நடத்திக் காட்டியது, ஆசிரியருக்குத் தெரியாமல்.

ஆனால் அடித்தளத்தில் இப்படி ஒரே மாதிரி இருப்பவர்கள், பருவம் முடியும்போது ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒருவன் தொடர்ந்து நாலு ஆட்டத்தில் 30, 40 என்று எடுத்துவிடுகிறான். உடனே அவன் 'ஃபார்மில்' இருக்கிறான். இன்னொருத்தன் மூன்று முட்டை. அவன் 'மனசு ஒடிஞ்சு' போயிருக்கிறான். இரண்டுமே தற்செயல்தான். நோட்டு எழுதுகிறவனுக்கு அது தெரியும். தெரிந்தும் அவன் கை சும்மா இருக்காது. எண்ணின் சிதறலிலிருந்து குணம் செய்கிறான், விதி செய்கிறான். சாம்ராஜ்யங்களின் எழுச்சி வீழ்ச்சி எழுதிய பெரிய வரலாற்றாசிரியர்கள் இதைவிட வேறாக எதையும் செய்துவிட்டார்களா என்பது எனக்குச் சந்தேகமே.

4

எங்கள் ஊர்க்காரர் ஒருவரிடம் ஐந்து லாங் சைஸ் நோட்டுகள் இருக்கின்றன. காலனியைச் சேர்ந்தவர், என் வயதுக்காரர். இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. பெயர் போட வேண்டாம் என்றார். 2001இலிருந்து 2004 வரை, பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எழுதியவை. நாலு பருவங்கள். எட்டு அணிகள், ஒவ்வொன்றும் மற்றதோடு இரண்டு ஆட்டம், பருவத்துக்கு 56 ஆட்டம். ஆக 224 ஸ்கோர்கார்டு. முதலில் சமூக அறிவியல் பாடப்புத்தகம். அது தேய்ந்து ஒரே பக்கத்தில் திறக்க ஆரம்பித்ததும், 'இது அழுகுணி ஆட்டம்' என்று அதை ஒதுக்கிவிட்டு லிப்கோ டிக்‌ஷனரிக்கு மாறியிருக்கிறார். ஆய்வு முறையியலில் இவ்வளவு கறார் நம் பல்கலைக்கழகங்களில்கூட அபூர்வம்.

அணிகளின் பெயரைக் கவனியுங்கள். பண்ருட்டி, மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், கடலூர் துறைமுகம், ஆலப்பாக்கம், பரங்கிப்பேட்டை, சிதம்பரம். எல்லாம் அப்போது மீட்டர்கேஜ் ரயில் ஓடிய பாதையின் ஸ்டேஷன்கள். நிஜத்தில் எங்கள் பக்கம் டோர்னமென்ட்டுக்கு டீம் சேர்வது தெருக் கணக்கில். தெரு என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலனிப் பையன்கள் தனி டீம். ஆனால் ரயில்வே ஸ்டேஷனுக்குத் தெரு கிடையாது. ஊரைத் தெருவிலிருந்து பிடுங்கி ஸ்டேஷனில் கொண்டுபோய் வைத்த அந்தப் பதினாலு வயதுப் பையனின் செயலை அரசியல் செயல் என்றே வாசிக்கிறேன்.

வரலாற்றெழுத்துப் பற்றிப் பேசும்போது ஹேடன் வைட் மூன்று நிலைகளைப் பிரித்துக் காட்டுவார். முதலாவது ஆண்டுக்குறிப்பு: வருடம், எதிரே ஒரு வரி. ஐரோப்பிய மடாலயம் ஒன்றின் எட்டாம் நூற்றாண்டுக் குறிப்பேட்டை அவர் உதாரணம் காட்டுகிறார். அதில் பல வருடங்களுக்கு எதிரே ஒன்றுமே இல்லை, வெற்றிடம். இரண்டாவது நிகழ்ச்சிக்கோவை: கதை சொல்லத் தொடங்கும், ஆனால் முடிவு இல்லாமல் பாதியில் நிற்கும். மூன்றாவது வரலாறு: தொடக்கம், நடு, முடிவு, ஒரு நீதி. அந்த நீதி என்பது எப்போதும் ஏதோ ஒரு சமூக ஒழுங்கின், சட்டத்தின், அதிகாரத்தின் நீதி என்பது வைட்டின் வாதம்.

நோட்டுகளின் வலது ஓரத்தில் 'குறிப்பு' என்று ஒரு பத்தி இருக்கிறது. முதல் பருவத்தில் அது பெரும்பாலும் காலி. எப்போதாவது 'மழை'. இரண்டாம் பருவத்தில் 'ரயில் லேட், ஆட்டம் மதியம்', 'விரலில் காயம்'. மூன்றாம் பருவத்தில் சிதம்பரம் அணியின் கேப்டனுக்கும் விக்கெட் கீப்பருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோகிறது. எட்டு ஆட்டம் அப்படியே போகிறது; பருவம் முடிந்துவிடுகிறது; சண்டை தீரவில்லை. வைட்டைப் படிக்காத ஒரு பையன் வைட்டின் வரிசையிலேயே ஏறிவருகிறான். நாலாம் பருவத்தில் என்ன ஆகிறது என்பதற்கு முன் ஒரு சுற்று போய்வர வேண்டியிருக்கிறது.

5

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இந்த நோட்டுகளைப் பார்த்ததும் நினைவுக்கு வருவது இறையனார் களவியல் உரை. முச்சங்க வரலாறு அங்கேதான் எண்களோடு கிடைக்கிறது. முதற்சங்கம் 4440 ஆண்டு, இருந்தோர் 549, பாடினோர் 4449, அரசர் 89. இடைச்சங்கம் 3700 ஆண்டு, இருந்தோர் 59, பாடினோர் 3700, அரசர் 59. கடைச்சங்கம் 1850 ஆண்டு, இருந்தோர் 49, பாடினோர் 449, அரசர் 49. பருவம் பருவமாக, அணி அணியாக. முதற்சங்கத்துப் பட்டியலில் சிவனும் முருகனும் குபேரனும் ஆட்டக்காரர்களாகவே இடம்பெறுகிறார்கள். பருவத்தை முடித்துவைப்பது கடல்கோள்.

எண்களைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். 4440, 3700, 1850 மூன்றும் 37ஆல் மீதியின்றி வகுபடும்: 120, 100, 50 மடங்குகள். கூட்டினால் 9990, அதுவும் 37இன் 270 மடங்கு. தலைக்கணக்குகளில் 3700 ஒன்றைத் தவிர எல்லாம் ஒன்பதில் முடிகின்றன. திருப்பூர்க்காரரின் நோட்டில் இந்த ஒழுங்கு எங்கும் இல்லை. 127, 94, 161, 58 என்று கண்டமேனிக்குக் கிடக்கிறது. தற்செயல் எழுதிய எண் பிசிறடிக்கும். கை எழுதிய எண் வழவழவென்று இருக்கும்.

இதைச் சொன்னால், 'அப்படியானால் சங்கம் பொய் என்கிறாயா' என்று சண்டைக்கு வருவார்கள். மெய் பொய் என்பதல்ல என் கேள்வி. பாட்டுகள் இருக்கின்றன, பாடியவர்களும் இருந்தார்கள். உரையாசிரியனுக்கு எண் எதற்குத் தேவைப்பட்டது என்பதே கேள்வி. அந்த உரை, தான் நக்கீரனாரில் தொடங்கி முசிறி ஆசிரியர் நீலகண்டனார் வரை ஆசிரிய வழியில் வந்ததாகவும் ஒரு பட்டியலைத் தருகிறது. ஆக அந்தப் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் உரைகாரரே உட்கார்ந்திருக்கிறார். பத்தாயிரம் ஆண்டு அவருடைய நாற்காலிக்கு முட்டுக்கொடுக்கிறது. புனைவான பேரேடு எண்களால் தன்னை நிரூபிக்கிறது. நிரூபித்த கையோடு எழுதியவனுக்கு அதிகாரத்தையும் வழங்கிவிடுகிறது. அந்தப் பட்டியலில் யார் வரவில்லை, யாருடைய பாட்டு 'பாடினோர்' கணக்கில் ஏறவில்லை என்று கேட்க அந்த வழவழப்பு இடம் தருவதில்லை.

6

சரி, நிஜ ஸ்கோர்கார்டு இதைவிட யோக்கியமா?

பல்வாங்கர் பாலு. சாமர் சாதியில் பிறந்த பந்துவீச்சாளர். 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணிக்காக 114 விக்கெட் எடுத்தார். அது பதிவாகியிருக்கிறது, யாராலும் அழிக்க முடியாது. எண்ணுக்கு அந்த ஒரு நேர்மை உண்டு. ஆனால் அதே பாலுவுக்கு புனேயில், பெவிலியனுக்கு வெளியே, தூக்கியெறியும் மண்குவளையில்தான் டீ கொடுத்தார்கள். பம்பாய்ப் போட்டிகளில் இந்து அணியின் கேப்டன் பதவி அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. 1923இல்தான் அவருடைய தம்பி விட்டல் கேப்டனானார். ஸ்கோர்கார்டில் ஓவருக்குப் பத்தி உண்டு, மெய்டனுக்குப் பத்தி உண்டு, மண்குவளைக்குப் பத்தி இல்லை. பிற்பாடு வந்த ஆய்வாளர்கள் தோண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

இப்போது நாலாம் பருவம், 31ஆம் ஆட்டம். நெல்லிக்குப்பம் வெளியூரில் ஆடுகிறது. முதல் இன்னிங்ஸ் எழுதப்பட்டிருக்கிறது: 118. அதன் கீழே ஸ்கோர் இல்லை. குறிப்புப் பத்தியில் இருப்பது: 'டீ டயம். ஏழு பேருக்குக் கண்ணாடி கிளாஸ், நாலு பேருக்கு வேற டம்ளர். பதினோரு பேரும் வெளியே வந்துட்டாங்க. ஆட்டம் இல்லை. பாயிண்ட் ரெண்டும் நெல்லிக்குப்பத்துக்கு.'

இதற்காகப் புத்தகம் திறக்கப்படவில்லை. எந்தப் பக்கத்தின் கடைசி இலக்கமும் இதைச் சொல்லவில்லை. ஹென்றி வா கட்டைகளைத் திருப்பி வைத்தது போலத்தான் இதுவும், நோட்டு எழுதுகிறவனின் கை ஆட்டத்துக்குள் வந்துவிட்ட இடம். ஆனால் ஹென்றி கொல்வதற்குத் திருப்பினார். இவர் பதினோரு பேரையும் எழுந்திருக்க வைத்தார். நாலு பேர் வெளிநடப்பு செய்தால் அது செய்தி. எங்கள் பக்கம் அப்படி நடந்தும் இருக்கிறது. மிச்சம் ஏழு பேரும் கிளாஸை வைத்துவிட்டு எழுந்துவருவதுதான் புனைவு.

அந்தப் பருவத்தில் கோப்பை பரங்கிப்பேட்டைக்கு. நெல்லிக்குப்பம் மூன்றாவது. எழுதுவது அவர் கையில் இருந்ததே, ஜெயிக்க வைத்திருக்கலாமே என்று கேட்டேன்.

"ஜெயிக்க வெச்சா அழுகுணி ஆட்டம்ப்பா."

"அப்ப அந்த வெளிநடப்பு?"

"அது அழுகுணி இல்ல. அது நடந்திருக்கணும்."

நடந்ததைச் சொல்வது வரலாறு, நடக்கக்கூடியதைச் சொல்வது கவிதை என்று பிரித்தார் அரிஸ்டாட்டில். அந்தப் பிரிவினையில்தான் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இலக்கியக் கோட்பாடு உட்கார்ந்திருக்கிறது. நடந்திருக்க வேண்டியது என்ற மூன்றாவது ஒன்றைப் பள்ளிக்கூடப் பையன் ஒருவன் குறிப்புப் பத்தியில் எழுதிவைத்திருக்கிறான். அது வெறும் ஆசையும் இல்லை. ஆசை என்றால் கோப்பையையும் எடுத்துக்கொண்டிருப்பான். 223 ஆட்டங்களில் புத்தகம் சொன்னதற்குக் கட்டுப்பட்டு, தன் சொந்த ஊர் தோற்றதையெல்லாம் ஒழுங்காக எழுதியதால்தான் 224ஆவதற்கு ஒரு கனம் வருகிறது. நம்முடைய முற்போக்குக் கதைகளில் பல ஏன் காற்றில் பறக்கின்றன என்பதற்கும் விடை இங்கே இருக்கிறது. அவற்றில் முதல் பக்கத்திலிருந்தே எல்லா ஆட்டத்தையும் நாமே ஜெயித்துவிடுகிறோம்.

7

கடைசியாகப் பேரேடு யார் கையில் என்ற விஷயம்.

2020 ஜூலையில், கொரோனாவால் நிஜ மைதானங்கள் முடங்கியிருந்த நேரத்தில், அமெரிக்காவில் பிளேஸ்பால் என்றொரு கற்பனை லீக் இணையத்தில் தொடங்கியது. இயந்திரம் தந்தது பெயரும் எண்ணும் மட்டும். யார் எப்படிப்பட்டவர், எங்கிருந்து வந்தவர் என்பதையெல்லாம் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் கூடிக்கூடி எழுதினார்கள். விதிகளை மாற்ற ஓட்டுப்போட்டார்கள். எரிந்துபோன பந்துவீச்சாளர் ஒருவரைக் கூடிச் செயல்பட்டு உயிரோடு கொண்டுவந்தார்கள். 2023 ஜூனில் நிறுவனம் அதை மூடிவிட்டது. ரசிகர்கள் எழுதியது மிஞ்சியது. ஒரே ஆளின் நோட்டு கூட்டு நோட்டாகவும் ஆகலாம் என்பதற்கு இது சான்று. சர்வரின் சாவி யாரிடம் இருந்தது என்பதையும் மறக்கக்கூடாது.

எங்கள் ஊரிலும் பருவம் என்ற சொல்லுக்குப் பேரேடு உண்டு. அரவைப் பருவம். ஆலையில் இத்தனை டன் அரவை, இவ்வளவு பிழிதிறன் என்று பருவந்தோறும் கணக்கு இருக்கும். அந்தப் பேரேட்டில் வெட்டாளின் பெயருக்குப் பத்தி இல்லை. பேரேடு யார் கையிலோ அவர் கை அதில் தெரியாது. மற்றவர்களின் கையெல்லாம் வெறும் டன்னாகிவிடும்.

கெரூவாக்கின் நோட்டுகளுக்கு நியூயார்க்கில் குளிரூட்டிய அறை கிடைத்தது. அவர் கெரூவாக் ஆனதால் கிடைத்தது. இந்த ஐந்து நோட்டுகள் ஓட்டு வீட்டுப் பரணில், ஒரு டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. "டைம்பாஸுக்கு எழுதினது, அதைப் போய் படிக்கிறியே" என்றுதான் அவர் கொடுத்தார். இவரைப் போல் எழுதியவர்கள் ஊருக்கு ஊர் இருந்திருப்பார்கள். அவர்களின் நோட்டுகளில் பெரும்பாலானவை பழைய பேப்பர் கடையில் கிலோக் கணக்கில் போய்விட்டிருக்கும். மிச்சம் இருப்பவற்றையாவது கேட்டு வாங்கிப் படியுங்கள். ஸ்கோரை விட்டுவிட்டு வலது ஓரத்துப் பத்தியை முதலில் பாருங்கள்.